நாலு நாளைக்கு உலை வேண்டாம்

1933 மே 29. சவூதி அரேபியா. முப்பதாயிரம் தங்கப் பவுண் முன்கடன், ஐயாயிரம் முதலாண்டு வாடகை.
1934 டிசம்பர் 23. குவைத். நான்கு இலட்சத்து எழுபத்தையாயிரம் ரூபாய்.
1935 மே 17. கட்டார். நான்கு இலட்சம் ரூபாய்.
1936 நவம்பர் 8. வளைகுடாக் கரையில் ஒரு சின்ன ஷேக்கின் நிலம். இருபத்தையாயிரம் ரூபாய்.

எண்ணெய் தேடும் உரிமைக்காக அரபு நாடுகளின் ஆட்சியாளருக்குக் கம்பனிகள் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகைகள் இவை. முதல் மூன்றும் புத்தகங்களில் இருக்கின்றன. நாலாவது எங்கும் இல்லை. அந்த நிலத்தைப் பிறகு துளைத்துப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீர்தான் வந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து இளவாலையைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் ஒரே கோப்பையில் சாப்பிட்ட காலம் அந்தக் கையெழுத்தோடு முடிந்தது.

அண்ணன் சீமோன், தம்பி அமிர்தநாதர். இருவரும் பஹ்ரெயினில் ஒரு பிரித்தானிய எண்ணெய்க் கம்பனியின் கந்தோரில் கிளாக்கர்மார். மானிப்பாய் விநாயகமூர்த்தி அமெரிக்கக் கம்பனியில் கிளாக்கர். இரு கம்பனிகளும் ஒன்றையொன்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருந்த காலம் அது. ஷேக்குகள் பிரித்தானியக் கம்பனிகளுக்கே உரிமை கொடுக்க வேண்டுமென்று லண்டன் நெருக்கியது. அமெரிக்கர்கள் அதைத் தாண்டப் பிரித்தானியப் பேரரசுக்குட்பட்ட கனடாவில் கம்பனியைப் பதிந்துகொண்டு வந்தார்கள். துரைமார் ஒருவரை ஒருவர் கண்டால் தொப்பியைக்கூடத் தொடமாட்டார்கள். கிளாக்கர்மார் மூவரும் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமறியாக, ஒரே குடித்தனமாக இருந்தார்கள். முறை வைத்துச் சமைப்பார்கள். சாப்பாட்டில் கந்தோர்க் கதை கிடையாது. அதுதான் சமறியின் சட்டம்.

சீமோன் அந்தச் சட்டத்தைச் சொந்தத் தம்பியிடமும் மீறாதவர். வேலையில் சேரும்போது வாய்திறப்பதில்லை என்று ஒப்பமிட்டவர் அவர். துரையோடு படகில் ஷேக்கிடம் போகப் போவதை ஒருவருக்கும் சொல்லவில்லை. போனார்கள். அங்கே அமெரிக்கர்கள் முதல்நாளே கையெழுத்து வாங்கிவிட்டிருந்தார்கள். யாரோ செய்தியை விற்றுவிட்டார்கள் என்றார் துரை. பயணம் தெரிந்த கிளாக்கர் சீமோன் ஒருவர்தான். அண்ணனோடு தம்பியையும் வேலையால் நிறுத்தி ஊருக்கு அனுப்பினார்கள். அமிர்தநாதருக்குப் பேசியிருந்த கலியாணம் அந்த மாதமே குழம்பியது. பிறகு வேறொரு கந்தோரும் அவரை எடுக்கவில்லை. அண்ணன் காசுக்கு விற்றார் என்றே அவர் நம்பினார்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு இலங்கையில் மூண்ட போர் இருவரையும் தனித்தனியே ரொறன்ரோவுக்குத் துரத்தியது. சீமோன் மகள் வேரோனிக்காவோடு டோர்செட் பார்க்கில். அமிர்தநாதர் மகன் கிளிபோட்டோடு மல்வேர்னில். ஞாயிறுகளில் தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு இருவரும் வருவார்கள். ஒருவர் முன்வாங்கில் இருந்தால் மற்றவர் பின்வாங்கில்.

1995 ஒக்ரோபரில் ஒரு காலை, சீமோன் சுண்டால் அரிசி அளந்துகொண்டு நின்றார். வேரோனிக்கா சப்பாத்தைப் போட்டபடி சொன்னாள்:

"அப்பா, ரெண்டு நாளைக்கு எனக்கு டபுள் ஷிப்ட். எனக்கு அரிசி போடாதேங்கோ."

சுண்டு அவர் கையில் அப்படியே நின்றது. 1936, பஹ்ரெயினின் மனாமா, படகேறுவதற்கு முதல்நாள். அன்று வெள்ளிக்கிழமை, விநாயகமூர்த்தியின் சமையல் முறை. பஸ்ராவிலிருந்து வந்த விலைகூடிய அரிசி வீணாகக் கூடாது என்று சீமோனே குசினி வாசலில் நின்று சொன்னார்: "நாளையிலிருந்து நாலு நாளைக்கு எனக்கு உலை வேண்டாம்." ஷேக்கின் ஊருக்குப் போய்வர நாலு நாள். அது விநாயகமூர்த்திக்கும் தெரியும். அமெரிக்கரின் படகு அன்றிரவே புறப்பட்டிருக்கிறது.

சீமோன் இரண்டு பஸ் மாறி மல்வேர்னுக்குப் போனார். அமிர்தநாதர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"கிளிபோட், உவருக்குத் தேத்தண்ணி குடு. குளிருக்குள்ளை வந்தவர்."

"தம்பி, நான் விக்கேல்லை. அது சோத்தாலை வந்தது." சீமோன் முழுவதையும் சொன்னார்.

அமிர்தநாதர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப என்ரை சீவியம் ஒரு சுண்டு அரிசிக்குப் போயிட்டுது எண்டுறியள்" என்றார். "நீங்கள் வித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஒரு விலையாவது இருந்திருக்கும்."

"நடந்தது உதுதான்."

"விநாயகமூர்த்தி இருக்கிறானோ?"

"கொழும்பிலை, வெள்ளவத்தையிலை இருக்கிறாராம்."

"நடந்ததை அவன் தன்ரை கையாலை எழுதட்டும். எழுதினால் உங்கடை வீட்டை வந்து சாப்பிடுறன்."

சீமோன் அன்றே எழுதினார். டிசம்பரில் பதில் வந்தது. சமறி நினைவிருக்கிறது, அரிசிக் கதை நினைவில்லை, எனக்கு வயது போய்விட்டது என்று மூன்று வரி.

"உதைச் சித்தப்பாவுக்குக் காட்டாதேங்கோ. திருப்பி எழுதிப் பாப்பம்" என்றாள் வேரோனிக்கா.

"வந்த கடிதத்தை வரேல்லை எண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

பூசை முடிந்து கோவில் வாசலில் வைத்துக் கொடுத்தார். அமிர்தநாதர் இரண்டு தரம் வாசித்து, மடித்து, திருப்பித் தந்தார். அடுத்த ஞாயிறிலிருந்து அவர் வேறு பூசைக்குப் போகத் தொடங்கினார்.

சீமோன் மறுபடி எழுதினார். அன்று வைத்த பூசணிக்காய்க் கறி, உடைந்திருந்த குசினிக் கதவு, விநாயகமூர்த்தி அடுப்பை ஊதிக்கொண்டே "எத்தினை நாள் எண்டனீர்?" என்று திருப்பிக் கேட்டது, எல்லாம் எழுதினார். குற்றம் சொல்ல எழுதவில்லை, தம்பி எங்கள் வீட்டில் ஒரு நேரம் சாப்பிட வேண்டும், அதற்காகத்தான் என்று முடித்தார். மறுபடி எழுதியிருப்பதைக் கிளிபோட்டிடம் சொல்லிவைத்தார்.

பெப்ரவரி தொடக்கத்தில் அமிர்தநாதரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் சளி, சிறுநீரகமும் விட்டுவிட்டது. கிளிபோட் தொலைபேசியில் அழைத்தான்: "பெரியப்பா, அப்பா உங்களைக் கேக்கிறார்."

கட்டிலருகே போனதும் அமிர்தநாதர் கண்ணைத் திறந்தார்.

"அண்ணை, தபால் வந்ததோ?"

அண்ணை என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ காலம். வேரோனிக்கா பின்னால் நின்று அவர் காதுக்குள், "வந்தது எண்டு சொல்லுங்கோவன் அப்பா" என்றாள்.

அவர் வாய் திறந்தது. ஒரு ஓம் போதும். அந்த ஓமைச் சொல்ல அவருக்கு வரவில்லை.

"இல்லைத் தம்பி. இன்னும் வரேல்லை."

"அவன் எதுக்கும் பிந்தினவன்தானே" என்றார் அமிர்தநாதர். "வந்தோடனை சொல்லுங்கோ. வாறன்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை இறந்தார். புதன்கிழமை அடக்கம் செய்தார்கள். உறைந்த மண்ணை இயந்திரத்தால் கிண்டியிருந்தார்கள். சீமோன் குழியருகே நின்று, கிளிபோட் கையில் கொடுத்த மண்ணைப் போட்டார்.

வீட்டுக்கு வந்து, வந்தவர்களுக்கு உலை வைக்கவேண்டும் என்று குசினிக்குள் போனவர், அரிசிச் சாக்கின் முன்னால் நின்றுவிட்டார். "நீங்கள் இருங்கோ அப்பா" என்று வேரோனிக்காதான் அளந்து போட்டாள்.

வெள்ளவத்தைக் கடிதம் 1996 பெப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.