நானூற்றுப் பன்னிரண்டாம் தாள்

அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் மாதம் அவளைப் பழைய பேப்பர் வாங்குகிறவள் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டி, "பேப்பர் இருக்கா? கசங்காததா பார்த்துக் குடுங்க, எண்ணெய் பட்டது வேண்டாம்" என்று உரிமையோடு கேட்கிற பெண்மணியை வேறு என்னவென்று நினைப்பது? உயிரியல் ஆய்வு நிலையத்தில் முப்பத்தொரு வருஷமாக வேலை பார்க்கும் செல் விஞ்ஞானி அவள் என்பது இரண்டாம் மாதம்தான் தெரியவரும். அதற்குள் 'பேப்பரம்மா' என்ற பட்டப்பெயர் அவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என்ன பெயர் வைத்தாலும் பேப்பரைக் கொடுத்தால் சரி.

அவளுடைய வேலை, சொன்னால் சின்னது. ஒரு செடியின் வேர்நுனியை, அது ஓர் அரிசிமணி அளவுகூட இருக்காது, காலை பத்து மணிக்குள் வெட்டியாக வேண்டும். அந்த நேரத்தில்தான் அங்கே செல்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும். வெட்டியதை மருந்தில் ஊறவைத்து, சாயம் ஏற்றி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அழுத்தம் குறைந்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும், கூடினால் செல் சிதறிப்போகும். சரியாக விழுந்துவிட்டால், நுண்ணோக்கியில் குரோமோசோம்கள் குட்டிக் குச்சிகளாகப் பரந்து கிடக்கும். அவற்றை எண்ண வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் அவளுடைய வலது கட்டைவிரல் கொஞ்சம் தட்டையாகவே ஆகிவிட்டது.

அவள் துறையில் பலரும் எண்ணி முடித்ததும் செடியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். இவள் எறியமாட்டாள். எண்ணிய செடி ஒவ்வொன்றையும் இலை, பூ, வேரோடு பேப்பருக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டி, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எத்தனை குரோமோசோம் என்று சீட்டு எழுதி அடுக்கிவிடுவாள். ஊரைச் சுற்றியுள்ள சாக்கடையோரம், தண்டவாளத்தோரம், மைதானத்து மூலை என்று அவள் கால் படாத இடம் கிடையாது. எங்கே எவ்வளவு அற்பமான களை முளைத்தாலும் அதற்கு அவள் அறையில் ஓர் இடம் உண்டு. அப்படிச் சேர்ந்த தாள்கள் இரண்டாயிரத்து முந்நூறு.

அழுத்துவதற்கு மரச்சட்டம் வாங்குவதற்கு முன்பு, கல்யாணமான புதிதில், செடிகளைக் கட்டில் மெத்தைக்கு அடியில்தான் வைத்தாள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், பொறுமைசாலி. ஆனாலும் எத்தனை நாள்தான் ஒரு மனிதர் நெருஞ்சிமேல் படுப்பார்? வீட்டுக்கு வந்த நாத்தனார் மெத்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என் தம்பிக்கு முதுகு வலிச்சா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதா, தோட்டக்காரர்கிட்டயா?" என்று கேட்டாள். அடுத்த வாரமே கணவர் தன் கையாலேயே மரச்சட்டம் செய்துகொடுத்தார். அன்பு என்று அவர் சொல்லிக்கொண்டார். தூக்கம் என்று நாத்தனார் சொன்னாள்.

இத்தனை தாள்களில் அவளுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது நானூற்றுப் பன்னிரண்டாம் தாள். தண்ணீர் பம்பு நிலையத்தின் மதிலோரம் முளைக்கிற, விரல் நீளம்கூட இல்லாத, வெள்ளைப் பூ பூக்கும் ஒரு சின்னச் செடி. எங்கே எடுத்தாலும் அதற்குப் பதினான்கு குரோமோசோம்தான். பம்பு நிலையத்துச் செடியில் மட்டும் அவள் இருபத்தெட்டு எண்ணினாள். சரியாக இரட்டிப்பு! சாதாரணச் செடியும் இரட்டித்த செடியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்ததால் யாருக்கும் தெரியாமல் கிடந்த சங்கதி அது. அவள் எழுதிய கட்டுரை நாலு நாடுகளில் படிக்கப்பட்டது. இருபது வருஷமாக யார் அவளை அறிமுகப்படுத்தினாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அவளும் மறுத்ததில்லை. தலைக்கனம் கொஞ்சம் உண்டு, அதை அவளே ஒத்துக்கொள்வாள்.

ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது இயக்குநர் கூப்பிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மேடம், உங்க செடி ரூமை வர்ற புது மெஷினுக்குக் கேக்கறாங்க. நீங்க போனப்புறம் அந்தத் தாள் எல்லாத்தையும் வெச்சுக்கறதா வேண்டாமான்னு ஒரு குழு முடிவு பண்ணும். வியாழக்கிழமை கூட்டம்."

"வெச்சுக்கலேன்னா?"

"வேற யாரும் எடுத்துக்கலேன்னா... அப்புறப்படுத்த வேண்டியதுதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொரு விஷயம். புதுசா சேர்ந்திருக்கிற ஆய்வாளர் பம்பு நிலையத்துச் செடியைத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கார். நாற்பது செடி. எல்லாமே பதினாலுதானாம். முக்கியமான தாளே தப்புன்னா மத்ததை எப்படி நம்புறதுன்னு எழுதிக் குடுத்திருக்கார்."

அந்தப் புது ஆய்வாளரை நிலையத்தில் எல்லோரும் நெட்டையர் என்பார்கள். நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம், வேலையில் கெட்டிக்காரர், பணிவானவரும்கூட. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அகம்பாவம் பிடித்தவனாக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

ஆனால் பயம் இல்லை. அவள் எண்ணினால் எண்ணியதுதான். அன்று எண்ணிய வேர்நுனி இருக்கும் கண்ணாடியை இருபது வருஷமாகப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். சனிக்கிழமை அதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். ஒரு செல், இரண்டு செல், ஏழு செல். ஒவ்வொன்றிலும் இருபத்தெட்டு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. வியாழக்கிழமை இதை மேஜையில் வைத்தால் போதும், பேச்சு முடிந்தது. நெட்டையர் எண்ணிய நாற்பதில் இரட்டித்த செடி அகப்படவில்லை, அவ்வளவுதானே?

அத்தோடு பெட்டியை மூடிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வெற்றி கையில் இருக்கும்போது இன்னொரு சாட்சியையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று அவளுக்கு ஆசை வந்தது. குரோமோசோம் இரட்டித்த செடியில் செல்களும் பருத்திருக்கும். இலையின் அடியிலுள்ள மூச்சுத்துளைகள் நீளமாக இருக்கும். காய்ந்த இலையிலும் அதை அளக்கலாம். நானூற்றுப் பன்னிரண்டாம் தாளிலிருந்து நகக்கண் அளவு இலையைக் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தோலை உரித்துப் பார்த்தாள். ஒப்பிடுவதற்கு, பதினான்கு என்று எண்ணிய அதே இனத்துத் தாள்கள் பதினொன்றிலிருந்தும் இலை எடுத்தாள்.

ஐம்பது துளைகளை அளந்தாள். பிறகு இன்னும் ஐம்பது. எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி உட்கார்ந்து மேலும் ஐம்பது அளந்தாள். நானூற்றுப் பன்னிரண்டின் துளைகள் மற்ற பதினொன்றின் துளைகளைப் போலவே, அதே அளவில், அப்படியே இருந்தன. தாளில் ஒட்டியிருந்த செடி இரட்டித்த செடியே இல்லை. அதற்குப் பதினான்குதான்.

கண்ணாடியில் இருப்பது இருபத்தெட்டு. தாளில் இருப்பது பதினான்கு. இரண்டும் ஒரே நாளில், ஒரே கையால் எடுத்தவை. சீட்டின் மூலையில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'மழை. ஒரே மண்கட்டியோடு பெயர்த்தது.' அப்போதுதான் அந்தக் காலை அவளுக்கு முழுசாக ஞாபகம் வந்தது. பஸ் தாமதம். மணி பத்தைத் தாண்டிவிட்டால் வேரில் ஒன்றும் தெரியாதே என்ற பதற்றத்தில், வந்ததும் வராததுமாக மண்கட்டியைத் தண்ணீரில் முக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேர்நுனிகளை முதலில் கத்தரித்து மருந்தில் போட்டுவிட்டாள். செடியைப் பிரித்ததெல்லாம் பிற்பாடுதான். கட்டிக்குள் ஒன்றுக்குமேல் செடிகள் பின்னிக் கிடந்தன. நன்றாகப் பூத்திருந்ததைத் தாளுக்கு எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிட்டாள். ஒரே கட்டி, ஒரே மாதிரி இலை, எல்லாம் ஒரே செடி என்று நினைத்துவிட்டாள். வேர் ஒருத்தியுடையது, பூ இன்னொருத்தியுடையது.

வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட வைக்காமல் கணவரிடம் சொன்னாள். அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. தாளை நான் கிள்ளிப் பார்த்தாத்தான் தெரியும். கிள்ளிட்டேன்."

"சரி, கண்ணாடியை மட்டும் காட்டு. அதுல இருக்கறது பொய்யா?"

"பொய் இல்லீங்க."

"அப்புறம் என்ன? அத்தனை தாளும் குப்பைக்குப் போகாம இருந்தா போதும்னுதானே கிடந்து தவிக்கறே? உன் தப்பை நீயே எடுத்துக் குடுத்தா, அவங்க அதையே சாக்கா வெச்சு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்க."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "தாளைப் பார்த்துச் சரிபார்க்கலாம், அதுக்குத்தான் வெச்சிருக்கேன்னு முப்பது வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன். இப்ப அந்தத் தாள் வாயைத் திறந்து பேசுது. கேக்காத மாதிரி நான் நடிக்கறதா? அப்படின்னா அது எதுக்கு, கொண்டுபோய்க் கொட்டட்டுமே!"

"கத்தாதே, காது கேக்குது" என்றார் கணவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வியாழக்கிழமை மைக்ராஸ்கோப்பைத் தூக்க ஆள் வேணுமா?" என்று கேட்டார்.

"நானே தூக்கிக்குவேன்" என்றாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில் ஐந்து பேர், இயக்குநர், எதிரே கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெட்டையர். அவள் முதலில் வேர்நுனிக் கண்ணாடியை வைத்து எல்லோரையும் எண்ணிப் பார்க்கச் சொன்னாள். கடைசியாகப் பார்த்த நெட்டையர் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"இருபத்தெட்டுதான். சந்தேகமே இல்ல" என்று நிமிர்ந்தார். "நான்தான் அவசரப்பட்டுட்டேன் மேடம், மன்னிச்சுக்குங்க."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. ஒருத்தர் டீக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும்.

"உக்காருங்க, இன்னும் முடியல" என்று அவள் இரண்டாவது கண்ணாடியை வைத்தாள். இலைத்தோல், அளவுகள், மண்கட்டி, மழை, பஸ், பத்து மணி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். "இந்தத் தாள்ல இருக்கிற செடிக்கு இருபத்தெட்டு கிடையாது. நான் எண்ணினது பக்கத்துச் செடியோட வேர். கட்டுரையைத் திருத்தி இன்னிக்கே எழுதி அனுப்பறேன்."

டீயை இழுத்துக்கொண்டவர் குடிக்க மறந்துபோனார். இயக்குநர்தான் முதலில் பேசினார். "அப்ப... இவர் கேட்ட கேள்வி அப்படியே நிக்குதே மேடம். மத்த தாளை எல்லாம் எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம் சார். கிள்ளிப் பாருங்க, அளந்து பாருங்க. அதுக்குத்தானே வெச்சிருக்கேன்." அவள் நெட்டையர் பக்கம் திரும்பினாள். "நீங்க எண்ணின நாற்பது செடி எங்க இருக்கு?"

"எண்ணி முடிச்சதும்..." அவர் காது சிவந்தது. "கொட்டிட்டோம் மேடம்."

"நாற்பதையுமா?"

"நாற்பதையும்."

"நாளைக்கு உங்க கணக்குல ஒரு சந்தேகம் வந்தா யார்கிட்ட போய்க் கேக்கறது? நான் தப்பு பண்ணினா என்னைக் கையும் களவுமா பிடிக்க என் ரூம்லயே ஆள் இருக்கு. இரண்டாயிரத்து முந்நூறு பேர்."

இயக்குநர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். கால்மணி நேரம் அவளை வெளியே உட்காரவைத்தார்கள். திரும்பக் கூப்பிட்டபோது மெஷினுக்கு மாடியில் இடம் பார்த்தாகிவிட்டது. செடி அறை செடிகளுக்கே. இனிமேல் நிலையத்தில் யார் எந்தச் செடியை எண்ணினாலும் அங்கே ஒரு தாள் கொடுத்தாக வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். அதை முன்மொழிந்தவர் நெட்டையர்.

வெளியே வரும்போது இயக்குநர் மெதுவாகக் கேட்டார். "அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துடலாமே மேடம்? உங்க பேருக்கு எதுக்கு ஒரு கறை?"

"அதுதான் சார் இருக்கணும்" என்றாள்.

அறைக்குப் போய்த் தாளை மேஜையில் விரித்தாள். பழைய சீட்டைக் கிழிக்கவோ அடிக்கவோ கூடாது என்பது இந்தத் தொழிலின் முறை. தப்பு தப்பாகவே இருக்கட்டும், திருத்தம் அதன் கீழே தனிச் சீட்டில் வரும். பசை தடவி ஒரு துண்டுத் தாளை ஒட்டி எழுதினாள்: 'இச்செடியின் குரோமோசோம் பதினான்கு. மேலே உள்ள எண் தவறு. அது ஒரே மண்கட்டியிலிருந்த வேறு செடியின் வேரில் எண்ணப்பட்டது. அந்தச் செடிக்குத் தாள் இல்லை.'

இதுவரை கல்லுப்போல் இருந்தவளுக்குக் கடைசி வரியை எழுதியதும் அழுகை வந்துவிட்டது. வாழ்க்கையிலேயே அவள் கண்டுபிடித்த ஒரே புதுச் செடி அது. அன்றைக்கு மண்கட்டியைப் பிரித்து, பூ சரியில்லை என்று அதைக் குப்பைக் கூடையில் போட்டது அவளுடைய இந்தக் கைதான். எதையும் எறியாதவள் என்று ஊரே சொல்லும் அவள், எறிந்தது அந்த ஒன்றைத்தான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கையெழுத்தும் தேதியும் போட்டாள். நெட்டையர் எண்ணியது நாற்பது செடி, பம்பு நிலையத்து மதிலோ முந்நூறு அடி நீளம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மண்வாரியோடு ஏறிவிட்டாள்.