நாற்பத்தொரு ‘நாம்’

சங்கரபாண்டியன் இறந்த செய்தி வந்தபோது நான் தேர்வுக் கூடத்தில் கண்காணிப்பில் இருந்தேன். இயற்பியல் துறைப் பேராசிரியை வாசலில் நின்று கையசைத்தார். அருகில் போனதும், அவர் ஊர் சோழபுரத்திலிருந்து போன் வந்தது, அண்ணாச்சி காலையில் நெஞ்சுவலியில் தவறிவிட்டார் என்று தணிந்த குரலில் சொன்னார். நான் தலையாட்டினேன். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி கூடுதல் தாள் கேட்டு எழுந்து நின்றாள். கொடுத்தேன். தேர்வு முடிய இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. அவர் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டதால், அந்த அறையில் அவரைத் தெரிந்தவர் என்னைத் தவிர யாரும் இல்லை.

இந்தக் காலாண்டிதழைப் படிப்பவர்களுக்கு அவர் வேற்றுக் கிரகத்துக் கதைகள் எழுதியவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கல்லூரிக்கோ விலங்கியல் ஆய்வக உதவியாளர். அதற்கு முன் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். நான் அதே துறையில் ஆசிரியை. அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன். பன்னிரண்டு ஆண்டுகளில் அது மாறவே இல்லை.

முதன்முதலாக ஒரு கதையை அவர் என்னிடம் காட்டியது, தவளைகளைப் பாடம் செய்து வைத்திருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடிதான். பச்சைத் தோலும் ஆறு கைகளும் கொண்ட ஒரு கூட்டம். அதில் ஒரு திருமணம். படித்து முடித்து, தோலையும் கைகளையும் எடுத்துவிட்டால் இவர்கள் சோழபுரத்துக்காரர்கள்தானே என்று கேட்டேன். எழுதத் தொடங்கியவரிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் தாள்களை வாங்கி ஒரு பக்கத்தைத் திரும்பப் படித்தார். பிறகு சிரித்தார்.

“ஆமா மேடம். ஆறு கை இருக்கு, ஆனா பந்தியில எடம் கெடைக்கலன்னு எங்க சின்ன மாமா கணக்காக் கோவிச்சுக்கிட்டுப் போறான்.”

அன்றிலிருந்து நான் அவருடைய முதல் வாசகி. ‘இது மனித மனம்தான்’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பது என் வேலை. அவர் அலுத்துக்கொண்டதே இல்லை. “வேற மாதிரி மூஞ்சி வரைஞ்சிரலாம். வேற மாதிரி வருத்தப்பட வைக்கத்தான் வரமாட்டேங்கு” என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நான் மதித்தேன். இன்னொரு உயிரின் மனத்துக்குள் நுழைந்து பார்க்க முடியும் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு வண்டின் நடத்தையைக் குறித்துவைக்கலாம், வண்டாக இருப்பது எப்படி என்று எழுத முடியாது. இதை அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்துப் பேசியதில்லை. எழுதுவதை நிறுத்தியதும் இல்லை.

ஒருமுறை இதழ்க் குழுவினர் எல்லோரும் ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போனோம். அருவியில் நல்ல தண்ணீர். கரையில் பாறை மேல் உட்கார்ந்திருந்தது நாங்கள் இருவர் மட்டும். அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் தண்ணீருக்குள்ளிருந்து, “ஏலே பட்டாளம், பாகிஸ்தான்காரனுக்குப் பயப்படாதவன் பச்சைத்தண்ணிக்குப் பயப்படுதான் பாரு” என்று கத்தினார். “நீ மொதல்ல முங்குலே, பொறவு நான் வாரேன்” என்றார் இவர். போகவில்லை.

அங்கே வைத்துத்தான் ஒரு சுமைகூலிக்காரரைப் பற்றிச் சொன்னார். வடக்கே ஒரு மலைச் சாவடியில் ஏழு மாதம் இருவரும் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். இவருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இந்தியும் தெரியாது. ஒருநாள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் இவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாராம். “எதுக்குச் சிரிச்சாம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல மேடம். தெரியலங்கதை அப்படியே எழுதிட்டா, அது வேத்துக் கிரகம்தான்.”

பிறகுதான் அந்தக் கதை வந்தது. இதழில் வந்த அவருடைய கடைசிக் கதை. பலருக்கும் நினைவிருக்கும்: ஒரு மனிதன் வேறொரு கிரகத்தில் இறங்குகிறான், அங்கே உள்ளவர்களோடு ஒரு பருவம் முழுதும் தங்குகிறான், கிளம்பும்போது ஏதோ சொல்கிறான். உடனே அவர்கள் யாரோ இறந்துவிட்டதாக எண்ணித் துக்கம் காக்கத் தொடங்குகிறார்கள்.

மெய்ப்புப் பார்த்தது நான். அந்த உயிர்கள் வந்தவனிடம் பேசும்போதெல்லாம், “நாம் இந்த ஆற்றை வணங்குவதில்லை”, “நாம் குழந்தைகளுக்குப் பெயர் வைப்பதில்லை” என்றே சொல்லின. கேட்பவனைச் சேர்க்காமல் சொல்லும் இடத்தில் ‘நாங்கள்’ என்றுதான் வரவேண்டும். இதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பட்டாளத்தில் இருந்தவர், தமிழ் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். அவரைக் கேட்கக்கூட இல்லை. சிவப்பு மையால் நாற்பத்தொரு இடங்களில் அடித்து ‘நாங்கள்’ என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

இதழ் வந்த வாரம் அவர் கல்லூரிக்கு வந்தார். ஆய்வகத்தில் எதிரே உட்கார்ந்து, கொஞ்ச நேரம் நுண்நோக்கியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க திருத்துனது தப்பில்ல மேடம். நம்ம பேச்சுக்கு அது சரிதான். ஆனா அவிய அவனையும் சேத்துத்தான் சொல்லுதாவ. ஒருத்தரை வெளிய விட்டுட்டு ‘நாங்க’ன்னு சொல்ல அவியளுக்குச் சொல்லே கெடையாது.”

அப்போதுதான் புரிந்தது. நேற்று வந்திறங்கியவனைக்கூட அவர்களால் வெளியே வைத்து நினைக்க முடியாது. அதனால்தான் கடைசியில் அவன் “நாங்கள்” என்றதும் அவர்கள் நடுங்கிப்போகிறார்கள். தங்களில் ஒருவர் இல்லாமல் போனால்தான் அப்படி ஒரு சொல் வரும் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. கதை முழுதும் அந்த ஒரு சொல்லில் நின்றது. அதை நான் நாற்பத்தொரு இடங்களில் எல்லோர் வாயிலும் போட்டுவிட்டேன். மனித மனம்தான், மனித மனம்தான் என்று ஆண்டுக்கணக்கில் ஓரத்தில் எழுதியவள், மனித மனம் இல்லாத ஒன்றே ஒன்று வந்தபோது அதைப் பிழை என்று அடித்தேன். ஒரு வாசகர் முடிவைப் பாராட்டி, அந்தத் துக்கம் ஒரு குறியீடு என்று கடிதம் எழுதியிருந்தார். அதையும் சங்கரபாண்டியன் எனக்குப் படித்துக் காட்டினார், கேலி இல்லாமல்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவதாகச் சொன்னேன். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். வெளியிடவில்லை. தவறு என்னுடையது என்று எழுத வேண்டியிருந்தது. ஒரு வரிதான். மூன்று இதழ்கள் போயின. சென்ற மாதம் ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது அவரே பேச்செடுத்தார். “அவசரமில்ல. படிச்சவியளுக்குத் தெரிஞ்சாப் போதும்” என்றார். என் பேருந்து வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

தேர்வு முடிந்ததும் சோழபுரம் போனேன். வீட்டு வாசலில் ஆண்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு முதியவர் நான் யார் என்று கேட்டார். கூட வேலை பார்த்தவள் என்றேன். உடலைத் தூக்கிய பிறகும் நான் அங்கேயே நின்றிருந்ததைப் பார்த்து அந்த முதியவர் பக்கத்தில் வந்தார். “தூரத்துல இருந்து வந்திருக்கிய. இனி நாங்க பாத்துக்கிடுதோம், நீங்க பஸ்ஸுக்குப் பாருங்கம்மா” என்றார். கனிவாகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

நான் தனியாக வசிப்பவள். வீட்டில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற இரண்டு சொற்களுக்குமே எனக்கு வேலை கிடையாது. கேட்பவரை வெளியே விடத் தெரியாத ஒரு மனம் எங்காவது இருக்க முடியும் என்று இன்றும் நான் நம்பவில்லை. அவர் அதை முப்பது பக்கத்துக்கு நம்பும்படி எழுதினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்தக் கைப்பிரதி என்னிடம்தான் இருக்கிறது. நீல மையில் அவருடைய சாய்ந்த எழுத்து, அதன் மேல் என் சிவப்புக் கோடுகள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது. யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

அந்த இதழை வைத்திருப்பவர்கள் ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் நாற்பத்திரண்டு இடங்களில் ‘நாங்கள்’ என்று இருக்கிறது. முதல் நாற்பத்தொன்றும் என் பிழை, ‘நாம்’ என்று திருத்திக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தில் உள்ளதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே பேசுகிறவன் மனிதன்.