மாமா போட்ட மஞ்சள் கோடு

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால், முதல் மூன்றும் அவர் வேலையைப் பற்றித்தான் இருக்கும். நாலாவதற்கு நான் எங்கே போவேன்? அப்படி ஒரு வாய் அவருக்கு.

வண்டியின் பின்பக்கம் வில் மாதிரி வளைந்து பாரம் தாங்குகிற பட்டை இருக்கிறதே, அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டறையில் அவருக்குப் பேரே பட்டையார்தான். வேலை முடிந்ததும் வண்டிக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் பின்தட்டில் ஏறி, சக்கரத்துக்கு நேர் மேலே தகரத்தில் காதை வைத்துப் படுத்தபடி ஒரு சுற்றுப் போய் வருவார். எங்கே கிறீச்சிடுகிறது, எது ஆடுகிறது என்று அந்தக் காது சொல்லிவிடும். "நான் இறுக்கினதுக்கு மேல நானே படுப்பேன்யா" என்பார். அந்தத் திமிர் அவருக்குப் பொருத்தமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட் பேனாவால் மஞ்சளாக ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்தால் வேலை முடிந்தது, அப்புறம் எவனும் கை வைக்கக் கூடாது. ஒரு தடவை நான் வைத்தேன். சும்மா சரிபார்க்கலாமே என்று ஸ்பேனரைப் போட்டேன். எனக்குப் பெண் கொடுக்க நினைத்த மனிதர் அன்றைக்கு நான் வேலை செய்யும் இடத்தைப் பார்த்துப்போக வந்திருந்தார். அவர் கண்ணெதிரே, வடித்து வைத்திருந்த கழிவு ஆயிலை எடுத்து என் தலையில் கவிழ்த்தார் மாமா. "என் நட்டைச் சோதிக்க நீ யார்ரா?" அத்தோடு அந்தச் சம்பந்தமும் போச்சு. அக்காவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். "அவர் குணம் தெரிஞ்சும் நீ ஏன்டா கை வச்சே?" என்றாள்.

பன்னிரண்டு வருஷமாக அங்கே எனக்குப் பேர் 'இலவச இணைப்பு'. இது யார் என்று எவர் கேட்டாலும் மாமாவிடம் பதில் தயாராக இருக்கும். "பொண்ணு எடுத்தேன், கூடவே இது வந்துச்சு. திருப்பிக் குடுக்கலாம்னா மாமனார் வாங்க மாட்டேங்கறார்." நானும் சிரித்து வைப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு விழும்.

அப்படி இருக்கையில்தான் கல்குவாரிக்காரரின் பிக்கப் வந்தது. ஆள் உயரத்துக்கு டயர் தெரிகிற மாதிரி வண்டியைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். "கிளம்பும்போது பின்னாடி வெட்டி வெட்டி இழுக்குது. பள்ளத்துல இறங்கினா இடுப்பு ஒடியுது" என்றார் அவர். மாமா அடியில் படுத்துப் பார்த்த உடனே கத்தினார். "யார்யா இதைத் தூக்கினது? கட்டை மேல கட்டை வச்சு அடுக்கியிருக்கான்! ஆள் குள்ளம்னா செருப்புக்கு அடியில ரெண்டு செங்கல்லையா கட்டி விடுவாங்க?"

அவர் சொன்னது அத்தனையும் சரி. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டு இரும்புக் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவற்றைப் பிடித்திருந்த யூ போல்ட்டுகள் பழசு, ஏற்கெனவே ஒரு தடவை இழுபட்டவை. ஷாக் அப்சார்பர் இந்த உயரத்துக்கு எட்டாமல் விறைத்து, அதை மாட்டுகிற வளையக் காதே கிழிந்திருந்தது. இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் செய்தோம். உயரமான புதுப் பட்டை, பக்கத்துக்கு ஒரே ஒரு கட்டை, புது யூ போல்ட், நீளமான ஷாக்.

யூ போல்ட்டில் ஒரு முறை இருக்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது நட்டைப் பாதிதான் இறுக்குவோம். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகுதான் மீதி. மாமா வண்டியை இறக்கினார். வலது பக்கம் நாலு நட்டையும் மாற்றி மாற்றி இறுக்கி, கோடு போட்டார். இடது பக்கம் வந்து உட்கார்ந்தார். நீள ஸ்பேனரை நான் நீட்டினேன். அந்த நேரம் பார்த்துக் குவாரிக்காரர் என்னைக் காட்டி, "தம்பி யாரு, உங்க பையனா?" என்று கேட்டார்.

போதாதா? மாமா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இலவச இணைப்புக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். கதையில் மாமனார் வந்தார், கழிவு ஆயில் வந்தது, பெண் கொடுக்க வந்தவர் ஓடிய ஓட்டத்தை உட்கார்ந்த இடத்திலேயே தோளை ஆட்டி நடித்துக் காட்டினார். குவாரிக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மாமா குனிந்து, இடது பக்க நட்டு நாலிலும் சரசரவென்று கோடு இழுத்துவிட்டு எழுந்தார். ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது.

"மாமா, இடது பக்கம் இன்னும்…" என்றேன்.

"ஏன்டா, கோடு கண்ணுக்குத் தெரியலை? பாத்தீங்களா சார், ஓசியில வந்ததுக்குக் கண்ணும் கிடையாது."

நான் ஸ்பேனரோடு ஒதுங்கி நின்றேன்.

அவர் பின்தட்டில் ஏறினார். இடது சக்கரத்துக்கு மேல் காதை வைத்துப் படுத்தார். குவாரிக்காரர் சாவியைத் திருப்பினார், கதவைச் சாத்தினார், கண்ணாடியைச் சரி செய்தார். ஒரு வார்த்தை கத்துவதற்கு அவ்வளவு நேரம் தாராளம். இறுக்கலை என்று ஒரே ஒரு வார்த்தை. கட்டை நழுவட்டும், வண்டி நடுரோட்டில் குந்தட்டும், நாலு பேர் முன்னால் இந்த மனுஷன் தலை குனியட்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் எதன் மேல் படுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்தானே?

வாசலைத் தாண்டி வளைவில் ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியபோது கட்டை தெறித்தது. அச்சு பின்னுக்குப் போய், வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. மாமா தட்டிலிருந்து எகிறி ரோட்டில் விழுந்தார். சக்கரம் அவர் கால் மேல் ஏறியது. நான்தான் முதலில் ஓடினேன், ஸ்பேனரைக் கீழே போடாமலே ஓடியிருக்கிறேன்.

இடது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் பட்டறை முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று என்னைத்தான் கேட்டார். "கூடவே இருந்தியே, நீ பாக்கலையாப்பா?"

"கோடு போட்டிருந்துச்சு சார்" என்றேன்.

மாமா கண்ணைத் திறந்தார். "அவனைக் கேக்காதீங்க முதலாளி. அவன் சொல்லத்தான் வந்தான், நான்தான் வாயை அடைச்சேன். என் மச்சான் மேல ஒரு தப்பும் இல்லை. இனிமே என் இடத்துல அவனே நிக்கட்டும்."

மச்சான் என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை. பாவி மனுஷன், அப்போதும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கலாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளைடா, நீயும் அதுல ஏறலை" என்று அழுதாள். முதலாளி என் தோளைத் தட்டினார்.

மஞ்சள் பேனா இன்றைக்கு என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நாலு நட்டையும் இரண்டு தடவை சோதித்துவிட்டுத்தான் கோடு போடுகிறேன். பின்தட்டில் படுத்துப் போகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன்.