பதினேழாம் வேளைச் சாப்பாடு

பினாங்கில் நாங்கள் இருக்கப்போவது ஆறு நாள். ஆறு நாளுக்குப் பதினெட்டு வேளை. அந்தப் பதினெட்டு வேளையும் எங்கெங்கே சாப்பிடுவது என்று, ராயபுரத்தை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே என் அத்தை முடிவு செய்துவிட்டாள். வெளிநாடு போகிறவர்கள் பெட்டி வாங்குவார்கள், செருப்பு வாங்குவார்கள். அத்தை வாங்கியது கோடு போட்ட ஒரு நோட்டு.

எழுதியது நான். அத்தை மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். நான் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் தெருமுனையில் சாயங்காலமானால் மீன் வறுத்து விற்பாள். மத்தியானம் மீனுக்கு மசாலா தடவி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். நான் அப்பாவின் போனில் பினாங்குக் கடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சாப்பிட்டவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்துச் சொல்வேன். அத்தை மீன் ஏலத்தில் நிற்பவளைப் போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்பாள்.

"படத்துல கும்பல் கீதா பாரு."

"நாலு பேருதான் கீறாங்க அத்த."

"அப்ப அவன்கிட்ட கீறது நேத்திய மீனு. தள்ளு."

இன்னொரு கடையில் கும்பல் இருந்தது. அத்தை அதையும் சும்மா விடவில்லை. "கை கழுவுற எடத்த போட்டோ புட்ச்சி போட்டுகீறானா? அத காட்டாதவன் சமையக்கட்ட எங்க காட்டப்போறான். தள்ளு."

இப்படித் தள்ளித் தள்ளி மிஞ்சின பதினெட்டுக் கடைகளை நான் நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். அத்தைக்குச் சாப்பாட்டு ஆசை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அப்பா அந்த நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, எல்லா வேளையும் வெளியவே போட்டுகீற. தம்பி வூட்ல எப்ப சாப்புட்றது?"

"தங்கறதுக்கு வூடு, துன்றதுக்கு ஓட்டலு. அந்தப் பொண்ணுக்கு ஏன் நம்மளால பேஜாரு" என்றாள் அத்தை.

அந்தப் பொண்ணு என்றது சித்தியை. என் சித்தப்பா பினாங்கில் கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் வெல்டர். பாட்டி சீக்கிரமே போய்விட்டதால் சித்தப்பாவைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தது அத்தைதான். ஆறு வயதில் அவர் தொண்டையில் ஒரு முள் மாட்டியதாம். அன்றிலிருந்து அவருக்கு மீசை முளைக்கிற வரைக்கும் அத்தை மீனில் முள் பார்த்துப் பார்த்து எடுத்துத்தான் போட்டாள். மீன் விற்கிற வீட்டுப் பிள்ளைக்கு முள் என்றால் பயம் என்று தெருவே கேலி பேசும். அப்படி வளர்த்த தம்பி, போன இடத்தில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, முடிந்த பிறகு போனில் படம் அனுப்பினார். அத்தை அதை வெகுநேரம் பார்த்தாளாம். "மால கீது, மூஞ்சி கீது. நான் எங்க கீறேன் இதுல?" என்று கேட்டுவிட்டுப் போனைக் கீழே வைத்தவள் மூன்று வருடம் அவரோடு பேசவில்லை.

இப்போது டிக்கெட் போட்டு அனுப்பியதும் சித்தப்பாதான். "ஊரப் பாக்கத்தான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அத்தை பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். அம்மாவின் வயிற்றில் அப்போது என் தம்பி இருந்ததால் அவள் வரவில்லை. கிளம்புகிற அன்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அவ கையால அக்கா ஒரு வாய் சோறு துன்னுட்டா போதும், எல்லாம் சரியாப் பூடும். அந்த ஒரு வாய்க்குத்தான் எடம் உடாம நோட்டு போட்டுகினு வருது."

அத்தையின் நாக்கைப் பற்றியும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். வெளியில் யார் எதைப் போட்டாலும் அத்தைக்கு ஒரே பதில்தான். "நல்லா கீது." கல்யாண வீட்டில் அரிசி வேகாத பிரியாணிக்கும் நல்லா கீது; கோயில் கூழில் உப்பே இல்லாமல் போனாலும் நல்லா கீது. ஆனால் என் அம்மாவின் சமையலை மட்டும் அவள் ஒரு நாளும் நல்லா இருப்பதாகச் சொன்னதில்லை. "இன்னாடி இது, சாம்பாரா, பருப்பு குளிச்ச தண்ணியா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் முறை தட்டை நீட்டுவாள். அம்மா சிரித்துக்கொண்டே ஊற்றுவாள். அத்தைக்கு அம்மாவைப் பிடிக்காது, பாவம் அம்மாவுக்கு அது தெரியவில்லை என்று நான் எனக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

பினாங்கில் சித்தி எங்களை வாசலிலேயே நின்று வரவேற்றாள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். பேச்சு எங்களுடையது மாதிரி இல்லை, கொஞ்சம் இழுத்து, நிதானமாக இருக்கும்.

"வாங்க அண்ணி. பசியாறிட்டீங்களா?"

"ஆச்சும்மா. ப்ளேன்லயே குட்த்தாங்க. நீங்க சிரமப்படாதீங்க."

விமானத்தில் அத்தை ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. எனக்கு அதைவிட ஆச்சரியம், அத்தை வாயில் 'நீங்க' வந்தது. ராயபுரத்தில் அத்தை நீங்க என்று கூப்பிட்டது போலீஸ்காரர்களையும் டாக்டரையும்தான்.

சித்திக்கும் நோட்டு விஷயம் சீக்கிரம் புரிந்துவிட்டது. ஆனால் அதில் டீ வரவில்லை என்பதையும் கண்டுபிடித்துவிட்டாள். அதனால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை, "தேத்தண்ணி கலக்கட்டுமா அண்ணி?" என்று வந்து நின்றாள். அத்தை ஐந்து தடவையும் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லா கீதும்மா" என்றாள். சித்தப்பா அதைக் கேட்கும்போதெல்லாம் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பார்.

வேளைக்கு ஒரு கடையாக நாங்கள் புறப்பட்டோம். சோற்றின் மேல் ஏழெட்டுக் குழம்பை ஒன்றாக ஊற்றித் தருகிற நாசி கண்டார் கடையில், எந்தக் குழம்பு எது என்று அத்தை விரலால் பிரித்துப் பார்த்துத் தோற்றுப்போனாள். ஒரு சீனர் இரும்புச் சட்டியைத் தீக்குள்ளேயே விட்டு நூடுல்ஸ் வறுத்தார்; அத்தை சாப்பிடுவதை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா இடத்திலும் எழுந்திருக்கும்போது, "நல்லா கீது நைனா" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். நான் உடனே அப்பாவின் போனை எடுத்து அந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, கீழே 'நல்லா கீது' என்று எழுதுவேன். ஊருக்குத் திரும்பின பிறகும் பேர் சொல்லட்டும் என்று அத்தைதான் அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தாள்.

கடலைப் பார்த்த ஒரு பெரிய கடையில் மீன் கெட்டிருந்தது. எனக்கே வாடை தெரிந்தது. செவுளைப் பார்த்து மீனுக்கு வயது சொல்கிறவளுக்குத் தெரியாதா. மீனை ஓரமாகத் தள்ளிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டாள். பரிமாறின பையன் வந்து நின்றதும் கட்டைவிரல் உயர்ந்துவிட்டது.

"இதுக்குமா அஞ்சு அத்த?"

"போடு. எங்கியோ கீற நமக்கு எல போட்டுகீறான். அவன் பொழப்புல நாம ஏன் மண்ணள்ளிப் போடணும்."

நாலாம் நாள் காலை நான் தனியாக இருந்தபோது சித்தி வந்து நோட்டைக் கேட்டாள். சித்திக்கு ஒரு உணவு அங்காடியில் சின்னக் கடை உண்டு. மீன் தலைக் கறி போடுகிற கடை. எங்களுக்காக மூன்று நாள் அதைப் பூட்டி வைத்திருந்தாள். விரலை வைத்துப் பதினெட்டுக் கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிக் கட்டம் வந்ததும் நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள்.

"எழுத்து நல்லா அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கலைந்திருந்த என் பின்னலைப் பிரித்துத் திரும்பப் பின்னிவிட்டாள். அன்றைக்கே போய்க் கடையைத் திறந்துவிட்டாள்.

ஆறாம் நாள் மத்தியானம், பதினேழாவது வேளை. எங்கள் பட்டியலில் இருந்த கடையின் வாசலில் போய் நின்றால் கதவு இழுத்து மூடியிருந்தது. மழை வேறு கொட்டுகிறது. சித்தப்பா குடையைப் பிடித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நாலு எட்டு வெச்சா அவ கடை. புள்ள பசி தாங்காதுக்கா."

அந்தக் கடை அன்றைக்கு லீவு என்று சித்தப்பாவுக்கு முன்பே தெரியுமா என்று இதுவரைக்கும் நான் கேட்டதில்லை. அத்தை மழையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள்.

சித்தி எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பிறகு துணியால் மேசையை இரண்டு தடவை துடைத்தாள். பெரிய சங்கரா மீனின் தலை, குழம்புக்கு மேலே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. சுற்றிலும் வெண்டைக்காயும் தக்காளியும் மிதந்தன. அத்தை ஒரு வாய் எடுத்து வைத்தாள். அப்பா சாப்பிடவில்லை. சித்தப்பா சாப்பிடவில்லை. அந்த மழைச் சத்தத்தில் அத்தை மெல்லுவது மட்டும் கேட்டது மாதிரி இருந்தது.

"நல்லா கீதும்மா" என்றாள் அத்தை. "நீங்களும் உக்காந்து சாப்புடுங்க."

சித்தியின் முகம் மலர்ந்தது. நான் போனை எடுத்து ஐந்து நட்சத்திரத்தையும் தட்டினேன். அப்பா சொன்ன ஒரு வாய் உள்ளே போய்விட்டது, எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டு மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நல்லா இருக்கிறது என்று சொன்னதற்கு ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

சித்தி ஒன்றும் புரியாமல் இவர்களைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, சித்தப்பா தள்ளிவைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். மீன் தலையின் கன்னத்துச் சதையைப் பிய்த்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கி நசுக்கிப் பார்த்தாள். முள் தட்டுப்பட்டதும் எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. விரலால் இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத் தட்டைச் சித்தப்பா முன்னால் நகர்த்தினாள். அவளுடைய கண் அந்த நேரத்தில் வேறெங்கோ, அடுப்பின் மேல் இருந்தது. தினமும் செய்கிற வேலையைச் செய்கிறவளுக்குக் கண் எதற்கு.

அத்தையின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. விளிம்பில் இருந்த முட்களையே பார்த்தாள். பிறகு தன் தட்டைச் சித்தியின் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

சித்தி ஊற்றினாள். அத்தை இப்போதுதான் முதல் வாய் வைப்பவளைப் போல ருசி பார்த்தாள்.

"இன்னாடி கொழம்பு இது? புளிய கரைச்சியா, காட்டிட்டு எட்த்து வெச்சிட்டியா?"

சித்திக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"மீன் கொழம்புல வெண்டிக்கா எவடி போடுவா? அது ஒரு வழவழ, இது ஒரு வழவழ. செவுள பாரு, பாதிய உள்ளயே வுட்டுகீற. இந்த லட்சணத்துல என் தம்பிக்கு மூணு வருசமா ஆக்கிப் போட்டுகினு கீற. சோறு வேற கொழைஞ்சி பூட்ச்சி. இன்னா பாக்கற, அந்தத் தலைய இப்பிடி வை."

சித்தி அத்தையின் தட்டில் மீன் தலையை வைத்தாள். சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்து மூக்கிலும் வந்தது. காரம் காரம் என்று சொல்லிக்கொண்டே கை கழுவுகிற இடத்துக்கு எழுந்துபோனார். அப்பா அப்போதுதான் சோற்றில் கை வைத்தார்.

நான் மட்டும் என் வேலையை ஒழுங்காகச் செய்தேன். ஐந்து நட்சத்திரத்தை அழித்து ஒன்றாக்கினேன். கீழே இப்படி எழுதினேன்: 'புளி போதாது. மீன் குழம்பில் வெண்டைக்காய் போட்டிருக்கிறார்கள். செவுளைச் சரியாக எடுக்கவில்லை. சோறு குழைந்துவிட்டது.'

பதினெட்டாவது கட்டத்தை அடிக்கச் சொல்லிவிட்டாள் அத்தை. அன்று இரவுச் சாப்பாடு சித்தி வீட்டில். அங்கேயும் ஒரே திட்டுதான். சித்தியை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருந்தது. ஆறு நாள் நீங்க நீங்க என்று மரியாதையாகப் பேசின அத்தை, ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் இப்படிச் சண்டைக்குப் போக வேண்டுமா.

விமான நிலையத்தில்தான் அப்பா அதைப் பார்த்தார். அந்தக் கடைக்குக் கிடைத்த ஒரே ஒற்றை நட்சத்திரம் அவருடைய பெயரிலேயே இருந்தது. பதறிப்போய்ச் சித்தப்பாவுக்குப் போன் செய்தார். "புள்ள தெரியாம போட்டுட்ச்சிடா, இப்பவே எடுத்துட சொல்றேன்" என்றார். அந்தப் பக்கம் போன் கை மாறியது. சித்தியின் குரல் எனக்கே கேட்டது.

"எடுக்க வேணாம் மாமா. இருக்கட்டும்."

அது இன்னும் இருக்கிறது. போன வருடம் சித்தி ஒரு படம் அனுப்பியிருந்தாள். அந்த நாலு வரியையும் அச்செடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு விமானத்தில் எனக்குப் பயமாக இருந்தது. சித்தியின் கடைக்கு நான் கெடுதல் செய்துவிட்டேன். அவள் நல்லவளாக இருப்பதால் சொல்லவில்லை. அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்த, சித்தி கடைக்கு ஒரு ஸ்டார்தான் போட்டேன்."

"ஒண்ணா?" என்றாள் அத்தை. "சரியாத்தான் போட்டுகீற."

பிறகு பையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தாள். சித்தி விடியற்காலையில் எழுந்து கட்டிக்கொடுத்த எலுமிச்சஞ்சோறும் நெத்திலி வறுவலும். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாசனை.

"நெத்திலிய கருக்கிட்டா பாரு" என்றாள் அத்தை. "உப்பும் தூக்கல்."

ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குறை சொன்னாள். எனக்கு ஒரு நெத்திலிகூடத் தரவில்லை. இலையில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையையும் விரலால் வழித்துச் சாப்பிட்டாள். பாவம் அத்தை, இவ்வளவு மோசமான சாப்பாட்டை இப்படிச் சாப்பிடுகிறாளே, எவ்வளவு பசியோ என்று நினைத்துக்கொண்டு, விமானத்தில் எனக்குக் கொடுத்த பன்னைப் பாதியாகப் பிட்டு அவளிடம் நீட்டினேன்.

"நல்லா கீது, நீயே துன்னு" என்றாள்.