இரண்டாவது படிக்கட்டு

நான் கட்டடக்கலை படித்தவள். அளந்து பார்க்காத எதையும் தாளில் ஏற்ற மாட்டேன். இதில் உள்ள நேரமும் அளவும் நான் அன்றே குறித்து வைத்தவை. நம்புவது உங்கள் விருப்பம்.

ஆர்க்கிடெக்ட் மகுடேஸ்வரனைத் திருப்பூரில் தெரியாதவர்கள் குறைவு. சேவூரில் தோட்டம் வைத்து விவசாயம் செய்த வீட்டுப் பிள்ளை. முப்பத்தைந்து வருடத்தில் பனியன் கம்பெனிகள், பள்ளிகள், மண்டபங்கள் என்று இருநூற்றுப் பன்னிரண்டு கட்டடங்கள் கட்டினார். எவ்வளவு சின்னக் கட்டடமானாலும் இரண்டு படிக்கட்டு வைப்பார். "ஒண்ணு போதும்னா வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிடுவாராம். 2024 பிப்ரவரியில் இறந்தார். அவரைப் பற்றிப் புத்தகம் எழுதித் தரும்படி மகள் ஜனனி என்னைக் கேட்டார்.

முதல் கட்டடத்திலிருந்து தொடங்கினேன். அனுப்பர்பாளையத்தில் மூடிக் கிடக்கும் ஒரு பனியன் கம்பெனி. மே 19, ஞாயிறு, பகல் 2.20. காவலுக்கு இருந்த சோணைமுத்து பூட்டைத் திறந்தார்.

"நீங்களும் வாங்கண்ணே."

"நான் மேல ஏறுறதில்லம்மா. பாத்துட்டு வெரசா வந்துருங்க."

இரண்டாம் மாடி. மூலையில் மக்கிப்போன பனியன் வேஸ்ட். நல்ல வெயில், நல்ல வெளிச்சம். ஜனனி கொடுத்த பழைய வரைபடத்தில் அறையின் நீளம் தொண்ணூற்றாறு அடி. நான் அளந்தால் எண்பத்து நான்கு.

மறுபடி அளந்தேன். எண்பத்து நான்கேதான்.

வரைபடத்தில் வடக்குக் கோடியில் இரண்டாவது படிக்கட்டு இருந்தது. இங்கே வெறும் சுவர்.

தரையோரம் ஒரு செங்கல் பெயர்ந்து, கை நுழையும் அளவுக்கு ஓட்டை. பதினாறு அடி இரும்பு டேப்பின் நுனியை உள்ளே தள்ளினேன். எட்டு... பத்து... பன்னிரண்டில் இடித்து நின்றது. அதுதான் கட்டடத்தின் வெளிச்சுவர். கணக்குச் சரி.

மணி 2.41. டேப்பைத் திரும்ப இழுத்தேன்.

வரவில்லை.

ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். அப்போது என் கையிலிருந்த டேப் தானாக நகர்ந்தது.

பதின்மூன்று...

உள்ளே இரும்பு எதிலோ தட்டும் சத்தம். டக்.

பதினான்கு... டக்.

படி இறங்குகிற மாதிரி.

ஓட்டையிலிருந்து கருகிய துணி வாடை வந்தது.

பதினைந்து...

"அக்கா..."

சின்னப் பெண்ணின் குரல். சுவருக்கு அந்தப் பக்கம். தரையோடு தரையாக.

"கீழ போற வழி... இதுதானுங்களா?"

கையை விட்டேன்.

டேப் பெட்டி தரையில் இழுபட்டுப் போய்ச் சுவரில் மோதியது.

ஓடினேன்.

அன்று மாலையே ஜனனியிடம் சொன்னேன்.

"அப்பா கடைசி மூணு நாள் சொவுத்தப் பாத்தே பேசிட்டிருந்தாருங்க. 'இந்தப் பக்கம் வழியில்லீங்க கண்ணு, நாந்தான் அடைச்சுப்போட்டேன்'னு..."

பிறகு அப்பாவின் பழைய டைரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் அதில் இருந்தது.

1991இல் அந்தக் கம்பெனியில் தீ. மூன்று பெண்கள் இறந்தார்கள். இரண்டாவது படிக்கட்டின் கீழ்க் கதவை முதலாளி வெளியே பூட்டி வைத்திருந்தார். வழக்கு வராமல் இருக்க, மறுநாளே அந்தப் படிக்கட்டைச் சுவர் வைத்து மேலும் கீழும் மறைத்தார்கள். அப்படியொரு படிக்கட்டே அங்கு இல்லை என்று கையெழுத்துப் போட்டவர் மகுடேஸ்வரன். சுவர் வைத்த நாளுக்கு டைரியில் மூன்றே வரி: 'பூசும்போது உள்ளே ஏதோ சத்தம். எலி என்றார்கள். நானும் எலி என்றேன்.'

டைரியை ஜனனியே போலீஸில் கொடுத்தார். ஜூன் 6 அன்று சுவரை இடித்தார்கள். நானும் போயிருந்தேன். கடைசிப் படியில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. மயிலாத்தாள், வயது பத்தொன்பது. தீ பிடித்த அன்று யாருடனோ ஓடிவிட்டதாகக் கம்பெனிப் பதிவேட்டில் எழுதி வைக்கப்பட்டவள்.

எலும்பில் தீப்பட்ட தடயமே இல்லை என்றார் டாக்டர்.

இடித்த சுவரின் ஒரு துண்டைப் போலீஸ்காரர் திருப்பிப் போட்டார். அதன் உள்பக்கத்துச் சிமெண்டில், ஈரம் காய்வதற்கு முன் அழுத்திய விரல் தடங்கள்.

பத்தும் இருந்தன.