பானுப்பிரியாவுக்குக் குறைந்த நாள் வைத்தியம்

என் தங்கை பானுப்பிரியா பீடியைக் கையால் தொட்டவள் இல்லை. நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் எங்கள் ஊர் அச்சங்குளத்தில் எல்லோரும் முதலில் கேட்டது, "புகையிலை போடுவாளோ?" என்றுதான். குமரியாக இருந்தபோதிருந்தே பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிறாள். அந்தத் தூசியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சித் திட்டத்தில் அவளுக்குப் புரோட்டான் கதிர் சிகிச்சை கிடைத்தது. கட்டி இதயத்தை ஒட்டி இருந்தது. இந்தக் கதிர் கட்டியோடு நின்றுவிடும், பின்னால் இருப்பதை அவ்வளவாகச் சுடாது என்றார்கள். வழக்கமாக ஆறு வாரம் கொடுப்பதை, தினசரி அளவைக் கூட்டி மூன்று வாரத்தில் முடிப்பார்களாம். தாமதித்துக் கட்டி பரவிவிட்டால் திட்டத்தில் அவளுக்குக் கிடைத்த இடம் போய்விடும்.

அவள் மாமியார் வெள்ளைத்தாய் வெடிகளைக் காயப்போடும் களத்திலேயே காலம் தள்ளியவர். களத்து நியாயத்தையே வைத்தியத்துக்கும் பேசினார்.

"ஏலே ஜெயபாண்டி, ஒம் பொண்டாட்டிய அனுப்பாத. நாள் குறைச்சுக் காயப்போட்ட வெடி நமுத்துல்லா போகும்? மதுரையில ஆறு வாரம் முழுசாக் குடுக்காகள்ல, அங்கன போகட்டும்."

ஜெயபாண்டி என்னைப் பார்த்தான். "அம்மா சொல்லுறதும் சரிதான மச்சான்?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஏன் மாப்ள, அவ நெஞ்சு என்ன சரவெடியா?"

பானு இருமலை அடக்கிக்கொண்டு பேசினாள். "அத்தே, நானும் டாக்டரம்மாட்ட இதத்தான் கேட்டேன். வெயில்ல காயதுக்கு நாளு வேணும், இதுக்குச் சரியான அளவு போய்ச் சேரணும், அம்புட்டுத்தான்னு சொன்னாக. நீங்க யாரும் வராட்டி எங்க அண்ணனோட போறேன்."

"பேசுறா பாரு, வக்கீலு மக கணக்கா!"

"வக்கீலு மகளா இருந்தா நான் ஏன் அத்தே மருந்து அடைக்கேன்?"

மறுநாளே நானும் அவளும் விருதுநகரில் ரயிலேறினோம். ஒரு நாளும் விடாமல் சிகிச்சை எடுத்தாள். தொண்டை புண்ணாகி, கஞ்சியை அழுதுகொண்டே விழுங்கினாள். பலன் என்னவென்று அடுத்த ஸ்கேனில்தான் தெரியும்.

ஊர் திரும்பினால் புதுக்கதை. இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாளே, அப்படியானால் அது புற்றுநோயே இல்லையாம்! கம்பெனி போர்மேன் பிரபாகரன் வீட்டுக்கே வந்து நின்றார்.

"சீக்குதான் சரியாப் போச்சாம்ல. சீசன் ஆர்டர் அப்படியே நிக்குது. திங்கக்கிழமை வந்துரு."

நான் எழுந்தேன். பானு என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஸ்கேன்ல நல்லதே வந்தாலும் அந்த மருந்து ரூமுக்குள்ள இனி வரமாட்டேன். ஆர்டர் நிக்குதுன்னா நீங்க உக்காந்து அடைங்க, அண்ணாச்சி."

"எம்புட்டுத் திமிரு இவளுக்கு!"

"இன்னும் இருக்கு. தொண்டை ஆறட்டும், மிச்சத்தையும் பேசுறேன்."