மலைக்குப் போகிறவர்

மைசூர் இட்டிகேகூட்டில் மாதேஷைப் பற்றி யாரிடம் கேட்டாலும் அவர் ஓட்டும் பள்ளிக்கூட வேனைச் சொல்ல மாட்டார்கள், பக்தியைத்தான் சொல்வார்கள். சாமுண்டி மலைக்குப் படியேறித்தான் போவார். மழை வெயில் பார்ப்பதில்லை. ஆடி வெள்ளி, தசரா என்று நாள் பார்ப்பதும் இல்லை. நினைத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தட்டில் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் போனதும் உண்டு. தாயே கூப்பிடும்போது சோற்றையா பார்த்துக்கொண்டிருப்பார் என்று எதிர்வீட்டு தேவம்மா சிலாகிப்பாள். படிகளில் வைக்கச் சொல்லி மஞ்சளும் குங்குமமும் பொட்டலம் கட்டி அவர் கையில் கொடுத்தனுப்புவதும் அவள்தான்.

உண்மை தெரிந்தால் அந்தத் தெரு வாயடைத்துப் போகும். மாதேஷ் உச்சிவரை ஏறி அம்மனைப் பார்த்த நாட்கள் ரொம்பக் குறைவு. வழியில் இருக்கிற பெரிய நந்திக்குப் பின்னால் ஒரு பாறை. அதில் உட்கார்ந்து, கை நடுக்கம் நிற்கிறவரை கீழே தெரியும் மைசூரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நின்றதும் இறங்கிவிடுவார். தேவம்மாவின் குங்குமத்தை மட்டும் ஒழுங்காகப் படிகளில் வைத்துவிடுவார்; ஊரார் பொருளில் ஏமாற்றுகிற ஆள் இல்லை. ஆனால் அவரைப் படியேற்றியது பக்தி என்று சொன்னால் அந்த அம்மனுக்கே சிரிப்பு வரும். ஏற்றியது கோபம்.

அந்தக் கோபம் அப்பா வழிச் சொத்து. அப்பா மாரிசாமி ஹனூர் பக்கத்து விவசாயி. வெளியில் பேசினால் தேனொழுகும். வீட்டுக்குள் அவருக்கு வேறு முகம். ராகிக் களி கொஞ்சம் இளகிவிட்டால் போதும், மனைவி கெம்பம்மாவின் முடி அவர் கையில் இருக்கும். அடிப்பதற்கு முன்னால் மறக்காமல் கதவைத் தாழ்போடுவார். சத்தம் வெளியே போகக்கூடாதாம், மானஸ்தர்! உள்ளே மாட்டிக்கொண்ட சிறுவன் மாதேஷ் ராகி மூட்டைகளுக்கு இடையில் புகுந்து காதைப் பொத்திக்கொள்வான். ஒருநாள் தடுக்கப் போனதில் அவனுடைய முன்பல் உடைந்தது. அடித்த ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில் அப்பா பஸ் ஏறி மாதேஸ்வரன் மலைக்குப் போவார். தலைமுழுகி, நெற்றி நிறைய விபூதி பூசி, பிரசாதத்தோடு திரும்பி வருவார். கெம்பம்மா வீங்கிய உதட்டால் அந்தப் பிரசாதத்தைச் சாப்பிடுவாள்.

அப்பா அடித்துவிட்டு மலைக்குப் போனார். மகன் அடிக்காமல் இருப்பதற்காக மலைக்குப் போனார். ஒரு தலைமுறைக்கு அவ்வளவுதான் முன்னேற்றம்.

அது ஆரம்பித்தது கல்யாணமான புதிதில். மனைவி அஞ்சலை மார்டள்ளிக்காரி. மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள். வீட்டுக்கு வந்த தன் தம்பியை மாதேஷ் ஏன் ‘வா’ என்றுகூடக் கேட்கவில்லை என்று அன்றைக்குக் கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் தேடிக்கொண்டிருந்த மாதேஷ், தன் வலதுகை தோளுக்கு மேலே நிற்பதைப் பார்த்தார். தூக்கியது அவருக்கே தெரியவில்லை. விரல்களை மடக்கியிருந்த விதம் அப்படியே மாரிசாமி. அடிக்கிறவன் கதவைச் சாத்துவான் என்பது ஒன்றுதான் அவர் வீட்டில் கற்ற பாடம். அதனால் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ஓடிய கால் மலையடிவாரத்தில் போய் நின்றது.

அன்றைக்கு அஞ்சலை அடியிலிருந்து தப்பித்தாள். அவள் கேட்ட கேள்விக்குத்தான் கடைசிவரை பதில் வரவில்லை. திரும்பி வந்த மாதேஷ் முகம் கழுவிக்கொண்டு, “முடிஞ்சுபோச்சு, உடு” என்றார். அவருக்கு மலையிலேயே முடிந்துவிட்டது. அவளுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதற்குப் பிறகு எந்தச் சண்டையும் அந்த வீட்டில் பாதியைத் தாண்டியதில்லை. அவள் வாய் திறந்து நாலாவது வார்த்தை வருவதற்குள் அவர் செருப்பைத் தேடுவார். மீதியை அவள் திறந்து கிடக்கும் கதவிடம் சொல்லி அழ வேண்டும்.

ஒருமுறை தேவம்மாவிடம் மனம்விட்டுச் சொல்லப் பார்த்தாள். “குடிக்கிறாரா? அடிக்கிறாரா? புருஷன் கோயிலுக்குப் போறான்னு குறை சொல்ற பொம்பளைய நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தாள் தேவம்மா. அஞ்சலை வீட்டுக்குத் திரும்பினாள். அடிக்காத புருஷனைப் பற்றி எந்த வாயால் புகார் சொல்வது?

மகள் தமிழ்ப்ரியா இதற்கு நடுவில்தான் வளர்ந்தாள். கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டால் அப்பா எழுந்து போய்விடுவார். கணக்கில் மார்க் குறைந்தால் போய்விடுவார். அழுதாலும் போய்விடுவார். வேனில் நாற்பது பிள்ளைகள் கத்தினாலும் முகம் சுளிக்காத மனுஷன், சொந்தப் பிள்ளை விசும்பினால் வீட்டில் நிற்க மாட்டார். வேனில் யாரும் அவரை ‘அப்பா’ என்று கூப்பிடுவதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். தன்னிடம் ஏதோ கெட்டது இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் அப்பா ஓடுகிறார் என்று அந்தக் குழந்தை முடிவுகட்டிவிட்டது. ஒருநாள் அவர் செருப்பை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அவர் வெறுங்காலோடு போனார். அன்றைக்குத் தெரு அவரை இன்னும் அதிகமாக மெச்சியது.

வளர்ந்த பிறகு அவள் அப்பாவிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததும், மொபைல் கடை வைத்திருந்த தருண்குமாரைப் பிடித்துப்போனதும் எல்லாம் அம்மா வழியாகத்தான் அவர் காதுக்கு வந்தன. கல்யாணப் பேச்சு எடுத்த அன்றும் அவர் மலைக்குப் போனார். அவர் நந்திக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நேரத்தில் அஞ்சலை கீழே சரி என்று சொல்லிவிட்டாள். பையனைப் பற்றி விசாரிக்கிற பொறுப்பு யாருடையது என்று இருவரும் பிற்பாடு பேசிக்கொள்ளவே இல்லை.

இந்த வருஷம் உகாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்ரியா தனியாக வீட்டுக்கு வந்தாள். வலது மணிக்கட்டில் கட்டு. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாள். அஞ்சலை கட்டைப் பிரித்தாள். வழுக்கி விழுந்தால் ஐந்து விரல் பதியாது.

மாதேஷ் பார்த்தார். கை நடுங்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில் கோபப்படாவிட்டால்தான் தப்பு. ஆனால் கோபம் வந்தால் அந்தக் கால்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. வாசலை நோக்கித் திரும்பினார்.

“போங்க” என்றாள் அஞ்சலை. “செருப்பு அங்கதான் கெடக்குது. மக கையி வீங்கிக் கெடக்குது, நீங்க போயி சாமி கும்புட்டுப்போட்டு வாங்க.”

தமிழ்ப்ரியா சிரித்தாள். கேட்கவே சங்கடமான சிரிப்பு. “விடும்மா, அவரு போவாருன்னு தெரிஞ்சதுதானே? தருண் அப்படி இல்ல. அடிச்சப்புறம் எங்கேயும் போகமாட்டான். பக்கத்துலயே உக்காந்து அழுவான். கால புடிச்சுக்குவான். அப்ப நான் என்ன திட்டினாலும் முழுசா கேப்பான். அப்பா ஒரு தடவையாவது உக்காந்து கேட்டிருக்காரா?”

மாதேஷ் நிலைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். அடிக்கிறவனைத் தன் பெண் எதனால் நல்லவன் என்று நினைக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த நிமிஷம் அவருக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

“பயம் கண்ணு” என்றார். “உங்கம்மாள அடிச்சுப்போடுவனோன்னு பயம். உன்னையும் அடிச்சுப்போடுவனோன்னு பயம். எங்கப்பன் கையி எனக்கு. அதுக்குத்தான் ஓடுனேன்.”

தமிழ்ப்ரியா அவரை நோக்கித் திரும்பினாள். “பயமா? என்னப் புடிக்காமத்தான் போறீங்கன்னு நெனச்சுட்டிருந்தேனேப்பா. இத்தன வருஷமா.”

பிறகு அஞ்சலை ஆரம்பித்தாள். தம்பியை வா என்று கேட்காததிலிருந்து ஆரம்பித்தாள். கருக்கலைந்த அன்று தன்னைத் தனியாக விட்டுவிட்டு மலையேறியதைச் சொன்னாள். மாமியார் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் எழுந்து போனதைச் சொன்னாள். பாதியில் நின்றிருந்த சண்டை ஒவ்வொன்றையும் எடுத்து மூக்கைச் சிந்திச் சிந்தி முடித்தாள். மாதேஷின் கை தொடைக்கு அடியில் துடித்தது. ஒருமுறை வெளியே வரவும் பார்த்தது, அழுத்திப் பிடித்துக்கொண்டார். பொழுது சாய்கிறவரை கேட்டார். யாரும் யாரையும் அடிக்கவில்லை. இதை அந்த மனுஷன் கல்யாணமான புதிதிலேயே ஒருமுறை செய்து பார்த்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று அஞ்சலை சொன்னாள். தமிழ்ப்ரியா கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை தருண்குமார் வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. பழப் பையை வைத்துவிட்டு அஞ்சலையின் காலில் விழுந்தான், மாதேஷின் காலிலும் விழுந்தான். இனி கை நீட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தான். மாதேஷுக்கு அந்த முகம் தெரியும்; விபூதி ஒன்றுதான் குறை. தமிழ்ப்ரியா எழுந்து தன் துணிப் பையை எடுத்தாள்.

“போகாத கண்ணு. நான் இருக்கறனல்ல” என்றார் மாதேஷ்.

அவள் குரலில் கோபமில்லை. “நீங்க இப்பத்தானேப்பா உக்காந்திருக்கீங்க. எனக்கு இன்னும் பழகல” என்றாள். வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மாதேஷ் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, வேனை நேராக விஜயநகருக்கு, மகள் வீட்டுக்கு ஓட்டினார். தமிழ்ப்ரியா இடதுகையால் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். தருண்குமார் முதல் நாள் வரவேற்றான், இரண்டாம் நாள் டிவியைப் போட்டான். மூன்றாம் நாள் கடையில் ஏதோ நஷ்டமாம், உள்ளே வரும்போதே சாவிக்கொத்தை மேஜைமேல் வீசினான். மாமனாரைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டான்.

“மாவா, நேரமாகுதே. அத்தை தேடமாட்டாங்களா?” என்று கன்னடத்தில் மரியாதையாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு மனைவியைப் பார்த்தான். ஒரு பார்வைதான். தமிழ்ப்ரியாவின் முகம் வெளிறிவிட்டது.

அந்தப் பார்வையை மாதேஷ் சின்ன வயதிலேயே பார்த்தவர். தான் எழுந்து போனதும் அந்தக் கோபம் யார்மேல் விழும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எழுந்து போகாவிட்டாலும் எத்தனை நாளைக்கு இப்படி உட்கார்ந்திருக்க முடியும் என்பதுதான் தெரியவில்லை.

“நீங்க கிளம்புங்கப்பா” என்றாள் தமிழ்ப்ரியா மெதுவாக. “ப்ளீஸ். போங்க.”

போகாதே போகாதே என்று ஒரு வீடே கெஞ்சியபோதெல்லாம் போன மனுஷன். இன்றைக்கு மகள் போகச் சொல்லிக் கெஞ்சுகிறாள். மாதேஷ் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“இருக்கறேன் கண்ணு” என்றார்.